பாசி நறுக்கியவர் வீட்டுக் குடித்தனங்கள்

படகு மெக்கானிக் நறுக்கிப்போட்ட கடற்பாசியால் வீடிழந்த நண்டுகள், ஒரு மழைக்காலத் தொடக்கத்தில் வரிசையாகத் தெருவேறி வந்து அவருடைய பட்டறைக் கதவைத் தட்டின. யாரிடமும் வழி கேட்கவில்லை. தூரதேசத்துப் படகொன்றின் புரொப்பெல்லரில் சிக்கியிருந்த அந்த அந்நியப் பாசியை அறுத்தெடுத்தவர், பேசாமல் குப்பையில் போட்டிருக்கலாம். எதையும் பொடிப்பொடியாக நறுக்கினால் தொல்லை தீர்ந்தது என்பது அவருடைய தொழில் புத்தி. நறுக்கித் துறைமுகத் தண்ணீரில் தள்ளிவிட்டார். ஒவ்வொரு துணுக்கும் செடியானது, செடி காடானது. அடுத்த வருடம் கடலடிப் புல்லுக்கு வெளிச்சமில்லை. அதற்கடுத்த வருடம் புல்லே இல்லை.

புல்லில் வாழ்ந்தவையெல்லாம் மெக்கானிக் வீட்டுக்குக் குடிவந்தன. கடல்குதிரைகள் குளியலறைக் குழாயில் வாலைச் சுற்றித் தொங்கின. ஸ்பேனர் பெட்டியை நண்டுகள் பாகம் பிரித்துக்கொண்டதால், ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அவர் கெஞ்ச வேண்டியிருந்தது. "வாடகை கறாரா வசூல் பண்றீங்களாமே?" என்றார் பக்கத்துக் கடைக்காரர். மெக்கானிக்கும் சிரித்தார். சுவர் கொள்ளாமல் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டியிருந்த சிப்பிகள் வாய்பிளந்து சாகத் தொடங்கியதும் சிரிப்பு நின்றது. திருப்பி அனுப்பக் கடலடியில் பாசியில்லாத இடம் மிச்சமிருக்கிறதா என்று ஊரெல்லாம் கேட்டார். மீன்வள அதிகாரி "ஆய்வுல இருக்கு" என்றார். மீன்பிடிப்பவர்கள் வானிலையைப் பற்றிப் பேசினார்கள்.

அவர் மனைவி சிப்பி எடுக்க முக்குளிப்பவள். படகில் நின்று இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டாள். "நானே பாத்துட்டு வர்றேன். கயிறு ஆடினா இழுங்க. அழுதுகிட்டு நிக்காதீங்க."

குதித்ததும் பச்சைப் பாசி அவள்மேல் கதவு சாத்துவதுபோல மூடிக்கொண்டது. கயிறு ஓடியது, நின்றது, தொய்ந்தது. மெக்கானிக் இழுத்தார், வரவில்லை. கத்தியை எடுத்தார். வெட்டினால் துணுக்குக்கொரு செடி முளைத்து அவளை இன்னும் இறுக்கும் என்று உறைத்ததும் அதைப் படகுக்குள் வீசினார். குப்புறப் படுத்து, வெறுங்கையால் பாசியை முழுசு முழுசாக வாரி மேலே போட்டார். நகம் பெயர்ந்தது. கயிறு ஆடியது.

இழுத்துப் படகில் தூக்கிப் போட்டதும் அவள் நெடுநேரம் இருமினாள். கையில் ஒரு கடலட்டை நெளிந்தது.

"சொல்லும்மா, கீழ இடம் இருக்கா?"

"இல்லைங்க. ஒரு சாண்கூட இல்ல. கடைசியா இவன் ஒருத்தன்தான் இருந்தான். இனிமே கடல் நம்ம வீடுதான். சமையலறையைக் காலி பண்ணணும், வாங்க."