பழனியாண்டியின் காணாமல்போன தூண்

சிடாம் கிரி ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் இருபத்திரண்டு வருடமாகச் செம்பனைக் குலை வெட்டும் பழனியாண்டி, ஒரு வெள்ளிக்கிழமை காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்து நின்றபோதுதான், முந்தின நாள் தான் வேலைக்கே வரவில்லை என்று தெரிந்துகொண்டார்.

ஆபீஸ் சுவரில் புதிதாக ஒரு படம் தொங்கியது. ஆளுக்கொரு நீலத் தூண். அதிகம் குலை வெட்டியவருக்கு உயரமான தூண். காளிதாசனின் தூண் தாளின் உச்சியையே முட்டிக்கொண்டு நின்றது. பழனியாண்டியின் பெயருக்கு மேலே வெறும் வெள்ளைதான்.

“ஏண்ணே, நேத்து எம்சி லீவா?” என்றான் காளிதாசன்.

“அடப்பாவி! பக்கத்து நிரையிலதானேடா வெட்டுனேன். என் தண்ணிய வாங்கிக் குடிச்சது யாரு?”

காளிதாசன் கொஞ்சம் யோசித்தான். “குடிச்சேன்தான். ஆனா படத்துல நீங்க இல்லையே லா.”

மேனேஜர் பரஞ்சோதிக்குப் படம் என்றால் வேதவாக்கு. தூண் இல்லாதவர் திங்கள்கிழமையிலிருந்து அரிவாள் கம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உதிரிப்பழம் பொறுக்கப் போகவேண்டும் என்று அங்கேயே சொல்லிவிட்டார். பழனியாண்டி தன் கம்பைப் பார்த்தார். தோட்டத்திலேயே உயரமான மரங்கள் அவர் நிரையில்தான். அதை வெட்ட வேறு யாருக்குக் கழுத்து நிமிரும்? வீட்டில் மனைவி தேவகி வேறு, “நேத்து நெசமாவே எங்க போயிருந்தீங்க?” என்று பிடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் ஆபீசுக்குப் போய்க் கணக்கெழுதும் கிராணி ரூபினியின் மேசை முன்னால் நின்றார்.

“அம்மாடி, எனக்கும் ஒரு தூண் வச்சுக் குடு.”

ரூபினி கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். குலைக் கணக்கை எக்செலில் போட்டால் போதும். அவள் பைத்தானில் எழுதிவைத்த நிரல் தானாகவே தூண்களை வரைந்துவிடும்.

“மேனேஜர்தாண்ணே, எல்லாத் தூணும் ஒரே மாதிரி தெரியுது, வித்தியாசம் பளிச்சுனு தெரியணும்னாரு. அதான் ரொம்பக் கம்மியா வெட்டுனவர் எண்ணிக்கையிலேருந்து படம் ஆரம்பிக்கட்டும்னு ஒரு வரி எழுதிட்டேன். காளிதாசண்ணன் நூத்து நாலு. நீங்கதான் கம்மி, தொண்ணூத்தாறு. அதுக்குக் கீழ இருக்கறது எதுவும் படத்துல வராது.”

“அப்ப என்னோட தொண்ணூத்தாறு குலை?”

“தாளுக்குக் கீழ இருக்குண்ணே.”

பழனியாண்டி தன்னையறியாமல் மேசைக்கடியில் குனிந்து பார்த்தார். ரூபினிக்கே பாவமாகிவிட்டது. அந்த வரியை அழித்துவிட்டாள்.

அன்றும் அவர் தொண்ணூற்றாறு, காளிதாசன் நூற்று நாலு. ஆனால் சனிக்கிழமை காலைப் படத்தில் எல்லாத் தூணும் தோளோடு தோள் நின்றன. பரஞ்சோதி வாயைப் பிளந்தார்.

“ஒரே நாள்ல இவ்வளவு வளர்ச்சியா! பழனியாண்டி, மைக்கைப் புடிங்க. எப்படிச் சாதிச்சீங்கனு எல்லாருக்கும் சொல்லுங்க!” பிறகு முகம் மாறியது. “காளிதாசா, நேத்து எப்படி இருந்த ஆளு நீ? இப்படிச் சரிஞ்சுட்டியே. திங்கள்கிழமை நீ பழம் பொறுக்கப் போ.”

எல்லாரும் கைதட்டினார்கள். பழனியாண்டிக்கு உச்சி குளிர்ந்தது. அதைப் பொய் சொல்வானேன்? நல்லா வேணும் இவனுக்கு என்றுகூட நினைத்தார். அப்புறம் காளிதாசனைப் பார்த்தார். அவன் தன் கம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

அவர் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, சுவரிலிருந்து தாளைப் பிய்த்தெடுத்தார். தன் தூணின் உச்சி வரைக்கும் தாளின் கீழ்ப்பகுதியைப் பின்னால் மடித்தார். அவருடைய தூண் மறைந்தது. மற்றவர்களின் தூண் நுனிகள் மட்டும் தெரிந்தன; எல்லாவற்றிலும் உயரமாகக் காளிதாசனுடையது கட்டைவிரல் அகலத்துக்கு நின்றது.

“இதைப் பெருசாக்கித்தான் நேத்து ஒட்டுனீங்க.” மடிப்பைப் பிரித்தார். “இது இன்னைக்கு. வெட்டுன குலை ரெண்டு நாளும் ஒண்ணுதான் சார்.”

பரஞ்சோதி தாளை வாங்கி மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“அப்ப யாரு சோம்பேறினு நான் எப்படிய்யா கண்டுபிடிக்கிறது?”

பழனியாண்டி தாளைத் திரும்ப வாங்கி, காளிதாசனின் தூண் உச்சி வரைக்கும் மடித்து நீட்டினார். ஒரு தூணும் மிச்சமில்லை.

“இந்தாங்க சார். நேத்து தோட்டத்துல யாருமே வேலை செய்யல.”

அந்த நேரம் பார்த்து, நேற்று வெட்டிய குலைகளை ஏற்றிக்கொண்டு லோரி ஆலைக்குப் புறப்பட்டது. பரஞ்சோதி லோரியைப் பார்த்தார், கையிலிருந்த வெற்றுத் தாளைப் பார்த்தார். பிறகு அதை ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்து, காளிதாசனிடம் கொடுத்து, “இதைச் சுவத்துல ஒட்டு. திங்கள்கிழமை நீ உன் நிரைக்கே போ” என்றார்.