கோமளவல்லி நிழலின் பின்னல்

கோமளவல்லியின் தலையில் ஒரு முடிகூட இல்லாத மாதங்களில், அவள் நிழலுக்கு மட்டும் முழங்காலைத் தொடும் பின்னல் இருந்தது. உத்திரமேரூரில் இதைப் பார்க்காதவர் இல்லை. பார்க்காதவர்களும் பார்த்ததாகவே சொன்னார்கள். நம்பாமல் இருந்தது ஒரே ஓர் ஆள். கோமளவல்லியின் வீட்டுக்காரர் எத்திராஜுக்கு அக்கா, பெயர் சொக்கம்மாள். எதிர்வீட்டில் இருந்துகொண்டே நம்பாமல் இருந்தாள் என்பதுதான் அதில் அதிசயம்.

முடி தலையில் இருந்த காலத்தில் அதன் கதையே வேறு. வாலாஜாபாத் போகும் பேருந்தில் கோமளவல்லி முன்படியில் ஏறினால் பின்னல் பின்படியில் ஏறும். ஆளுக்கு ஒன்று, பின்னலுக்கு ஒன்று என்று கண்டக்டர் இரண்டு டிக்கெட் கிழிப்பார். பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆன பிறகுதான் அந்தத் தகராறு ஓய்ந்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு மாடியில் நின்று அவள் முடியை உதறினால் நாலு வீடு தள்ளிக் காயும் வடகம் நனையும். அவள் சீயக்காய் போட்டு அலசிய நாளில் தெருச் சாக்கடையில் கொசு இருக்காது. இதற்கெல்லாம் கோமளவல்லி ஒருநாளும் பெருமைப்பட்டதில்லை என்று சொன்னால் அது பொய். பூக்காரியிடம் மற்றவர்கள் ஒரு முழம் வாங்குமிடத்தில் அவள் மூன்று முழம் கேட்பாள், தெருவே கேட்கும்படி.

ஆடி மாதம் மார்பில் கட்டி தெரிந்தது. காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் புற்றுநோய் என்று சொல்லி மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். வீட்டில் எத்திராஜையும் மகள் அகிலாவையும் தவிர வேறு யாருக்கும் சொல்லக்கூடாது என்று கோமளவல்லி சத்தியம் வாங்கிக்கொண்டாள். காரணம் இருந்தது. அகிலாவை மானாம்பதியில் கதிர்வேலுக்குக் கேட்டிருந்தார்கள், ஐப்பசியில் நிச்சயம். தாய்க்கு வந்த நோய் மகளுக்கும் வரும் என்று எவளாவது ஒருத்தி மானாம்பதிக்குப் போன் போட்டுவிட்டால் அத்தோடு போயிற்று. ஆகவே நிச்சயத்துக்குப் புடவை எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார்கள். சொக்கம்மாள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தாள்.

“இன்னாடா எத்திராஜு, மாசம் பூரா காஞ்சிவரம் போயிக்கினே கீறீங்க, ஒரு ஜாக்கெட் துணிகூட வூட்டுக்கு வரலியே. தறிய நீங்களே ஓட்டறீங்களா?”

எத்திராஜ் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். கருகிய மோட்டாருக்குக்கூட ஏதாவது சமாதானம் சொல்லிவிடுவார், அக்கா கேட்டால் மட்டும் செருப்பைத் தேடப் போய்விடுவார்.

முடி கொட்டுவதற்கு முன்னால் மண்டை வலிக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு மயிர்க்காலிலும் ஓர் எறும்பு வீடு கட்டிக்கொண்டதுபோல எரிச்சல். பின்னலை இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் போட்டால் கண்ணில் தண்ணீர் வரும். ஃபேன் காற்று பட்டால் வலிக்கும். கூரைமேல் பறக்கிற காக்கையின் நிழல் தலையில் விழுந்தால்கூட விழுந்த இடம் கன்னிப்போகும். நர்ஸ் கல்பனா, “இந்த மருந்துக்கு அப்படித்தாம்மா இருக்கும். தேய்க்காதீங்க. வெதுவெதுன்னு தண்ணி ஊத்துங்க. மெத்துனு பருத்தித் துணியில படுங்க. வெயில் மட்டும் ஆகாது” என்றாள். எத்திராஜ் தன் வேட்டிகளிலேயே துவைத்துத் துவைத்துக் கண்ணாடியாகிப்போன ஒன்றைத் தேடி எடுத்துத் தலையணைக்குச் சுற்றினார். அதில் தலை வைத்தபோதுதான் கோமளவல்லி தூங்கினாள். விடிந்து எழுந்தபோது பின்னல் தலையணையிலேயே இருந்தது, அவள் மட்டும் எழுந்திருந்தாள்.

உதிர்ந்த முடியைச் சுருட்டி வைத்துப் பாத்திரக்காரனிடம் போட்டு எவர்சில்வர் வாங்குவது அந்தத் தெருவில் எல்லாப் பெண்களும் செய்வதுதான். இந்த முடிக்கு ஓர் அண்டாவே கிடைத்திருக்கும். ஆனால் கோமளவல்லி யாரும் பார்க்காமல் அதைப் பழைய பாவாடையில் முடிந்து பரணில் போட்டாள். திட்டுத் திட்டாக மீந்ததை ஆஸ்பத்திரிப் பக்கத்து சலூனில் மெஷின் வைத்து எடுத்துக்கொண்டு திரும்பியபோது, உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் பூக்காரி பார்த்துவிட்டாள். “இன்னாக்கா, திருப்பதியா?” என்றாள். கோமளவல்லி தலையாட்டினாள். அவ்வளவுதான். அவள் வாழ்க்கையில் சொன்ன பெரிய பொய்க்கு வாயே திறக்கவில்லை.

ஆனால் திருப்பதி போனவர்கள் வெறுங்கையோடு வரமுடியாது. மறுநாள் காலையிலேயே தெரு லட்டு கேட்டு வாசலில் நின்றது. எத்திராஜ் பின்பக்கமாக ஓடி, கடைத்தெருவில் சேட்டு கடை லட்டை வாங்கிவந்து பச்சைக் கற்பூரத்தைப் பொடித்துத் தூவினார். எல்லாரும் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டார்கள். சொக்கம்மாள் மட்டும் நாக்கில் வைத்தே கண்டுபிடித்தாள்.

“பெருமாளு எப்பலேர்ந்துடா சேட்டு கடையில லட்டு வாங்கறாரு?”

சாமி பெயரில் பொய் சொன்ன கூச்சத்தில் கோமளவல்லி அன்று முழுக்கப் பூஜை அறைப் பக்கம் போகவில்லை. மறுநாள் துணி காயப்போட மாடிக்குப் போனாள். காலை வெயில் சாய்வாக அடித்தது. தரையில் விழுந்த நிழலில், இடுப்பைத் தாண்டி, முழங்கால்வரை பின்னல் தொங்கியது. அவள் குனிந்தால் முன்னால் சரிந்தது, நிமிர்ந்தால் முதுகுக்குப் போனது. அதில் ஒரு சிக்குகூட இல்லை. பக்கத்து மாடியில் இருந்தவள் அலறிக்கொண்டு இறங்கி ஓடினாள்.

தெருக்காரர்கள் இதைப் பார்த்துப் பயப்படவில்லை, கணக்குப் போட்டார்கள். திருப்பதியில் கொடுத்த முடி என்றால் நிழலோடுதான் போயிருக்கும். நிழல் இங்கே நிற்கிறது என்றால் பெருமாள் வாங்கவில்லை, அல்லது இவள் கொடுக்கவே இல்லை. கொடுக்காமல் மொட்டை எங்கிருந்து வந்தது? அதற்கு மேல் கேட்காமல் எல்லாரும் ஒரே மாதிரி உச்சுக்கொட்டினார்கள். அந்த உச்சுதான் கோமளவல்லியின் மண்டையில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல இறங்கியது.

அதற்குப் பிறகு அவள் வெளியே வருவதை நிறுத்திக்கொண்டாள். காலையிலும் மாலையிலும் வந்தால் பின்னல் தெருவின் குறுக்கே விழுந்து காட்டிக்கொடுத்தது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் அதை மிதிக்காமல் தாண்டிப் போனார்கள், சைக்கிள்காரர்கள் இறங்கித் தள்ளினார்கள். உச்சிவேளையில் நிழல் காலடியில் சுருண்டுகொள்ளும் என்று வந்தால் வெயில் மண்டையைத் தோலுரித்தது. ட்யூப் லைட் போட்டால் சுவரில் தெரிந்தது. கதவைச் சாத்தி விளக்கை அணைத்து வேட்டித் தலையணையில் படுத்தே கிடந்தாள். எத்திராஜ் காஞ்சிபுரத்தில் இருந்து வாங்கிவந்த டோப்பாவை ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டு, முள்வேலியைத் தலையில் வைத்ததுபோல இருக்கிறது என்று கழற்றிப் போட்டாள். முந்தானையைப் போர்த்தினாலும் அதே கதைதான். அந்தத் தலை வெறுமையாக இருப்பதைத் தவிர எதையும் தாங்கவில்லை, அவளோ வெறுமையாக இருப்பதைத்தான் தாங்கவில்லை.

இந்தக் கூத்தையெல்லாம் சொக்கம்மாள் எதிர்வீட்டில் இருந்து பார்த்துவிட்டு, “பின்னலும் கெடயாது பன்னாடயும் கெடயாது. கொடிக்கயிறு நெழலப் பாத்துட்டுக் கூவறாளுங்க. எனுக்கு இப்பத்தான் கண்ணு ஆப்ரேசன் ஆயிருக்குது, ஊர்லயே நல்ல கண்ணு என்னுதுதான்” என்று சொல்லிவிட்டாள்.

நிச்சயத்தன்று தலைகாட்டப்போவதில்லை என்று கோமளவல்லி முடிவெடுத்தாள். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு, தாய்க்குத் தாயாக அத்தை சொக்கம்மாள் தட்டு மாற்றிக்கொள்ளட்டும். அகிலா ஒரே வார்த்தையில் முடித்தாள்.

“நீ வராத நிச்சயம் எனுக்கு இன்னாத்துக்குமா? போன் போட்டு வேணாம்னு சொல்லிட்றேன்.”

“பைத்தியமாடி உனுக்கு? என் மண்டயப் பாத்தா அவுங்களே வேணாம்னு பூடுவாங்க.”

“போனா போறாங்க.”

ஐப்பசி மாதம் அடைமழை மாதம். அன்று ஒரு நாள் மட்டும் மேகம் மூடினால் போதும், நிழல் விழாது, மண்டையை மட்டும் சமாளித்துக்கொள்ளலாம் என்று கோமளவல்லி வேண்டிக்கொண்டாள். முந்தின நாள்வரை ஏரி தளும்பக் கொட்டிய மழை அன்று காலையில் துடைத்துவிட்டதுபோல நின்றது. சித்திரையில்கூட அப்படி ஒரு வெயில் அடித்ததில்லை. மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். ஆரத்தித் தட்டோடு கோமளவல்லி வாசலுக்கு வந்தாள், மொட்டைத் தலையோடு. அவளுக்கு முன்னாலேயே அவளுடைய பின்னல் கோலத்தின்மேல் போய் விழுந்தது. வேன் டிரைவர் ஹாரனை அமுக்கிய கையை எடுக்க மறந்துபோனான்.

கதிர்வேலின் அம்மா கனகா கையில் பூத்தட்டு வைத்திருந்தாள். நிச்சயத்துக்கு வந்த சம்பந்தி, பெண்ணைப் பெற்றவளுக்குத் தன் கையால் குங்குமம் வைத்து, முதல் பூவைத் தலையில் சூட்டிவிட்டுத்தான் வாசற்படி மிதிக்கவேண்டும். குங்குமம் வைத்தாயிற்று. மல்லிகைச் சரத்தை எடுத்த கை கோமளவல்லியின் காதுவரை போய் அந்தரத்தில் நின்றது. வைக்க இடமில்லை. பூவைத் திருப்பித் தட்டில் வைத்தால் அபசகுனம். தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. கோமளவல்லிக்கு அந்த இடத்திலேயே மண் வாய்திறந்து விழுங்கிவிட்டால் தேவலை என்று இருந்தது. அப்படியெல்லாம் நடக்காது என்பதால் வாயைத் திறந்தாள்.

“இது வேண்டுதல் மொட்ட இல்ல, சம்பந்தி. எனுக்குப் புத்துநோய். மருந்துல கொட்டிப்போச்சி. ஊருக்குப் பொய் சொல்லிட்டேன். பொண்ணு மேல தப்பு இல்ல.”

எத்திராஜ் தலையைக் குனிந்துகொண்டார். கனகா பூவைக் கையில் பிடித்தபடியே கேட்டாள்.

“அதுக்கா இம்மாம் நாளு போன எடுக்கல நீங்க? எங்க மாமியாருக்கும் வந்துச்சு. மருந்து சாப்ட்டாங்க, நல்லா ஆனாங்க. இன்னிக்கும் என்னத் திட்டிக்கினுதான் கீறாங்க. அத்த உடுங்க. இப்ப இந்தப் பூவ எங்க வெக்கறது, அத்தச் சொல்லுங்க.”

அப்போதுதான் சொக்கம்மாள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து கனகாவின் கையில் இருந்த பூவைப் பிடுங்கினாள். தம்பி பெண்டாட்டி நோயை மறைத்தது அவளுக்கு இப்போதுதான் தெரிந்திருந்தது. கோபத்தில் மூக்கு சிவந்திருந்தது.

“இன்னாமோ பின்னலு பின்னலுன்னு தெருவே கூவுதில்ல? இப்பத் தெரிஞ்சிபூடும். பூ நின்னா பின்னலு. நிக்கலன்னா அத்தினி பேரும் வாய மூடிக்கினு உள்ள போயி நாஷ்டா துன்னுங்க.”

முழங்கால் வலியோடு முனகிக்கொண்டே குனிந்து, கோலத்தின்மேல் கிடந்த நிழலின் பிடரியில் பூவை வைத்தாள்.

கோமளவல்லிக்குப் பிடரியில் சில்லென்றது. அத்தனை நாள் எரிந்த மண்டையில், ஈரத் துணி போட்டதுபோல, வலியே இல்லாத ஒரு கனம் உட்கார்ந்தது. கூச்சத்தில் ஓரடி பின்வாங்கினாள். தரையில் பூவும் ஓரடி நகர்ந்தது. இன்னும் ஓரடி வைத்தாள். பூ கோலத்தைவிட்டுச் சிமெண்டுத் தரையில் ஏறி, பின்னல் அசைந்த பக்கமெல்லாம் அசைந்து, முதுகோடு போனது. ஒரு மொட்டுகூட உதிரவில்லை. மல்லிகை வாசனை மட்டும் தெருக்கோடிவரை போனது.

சொக்கம்மாள் எழுந்திருக்கவில்லை. ஆப்ரேசன் ஆன கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி, தரையில் கிடந்த நிழலை நுனிவரை, வலிக்காமல், மெல்லத் தடவிவிட்டாள்.

“கீது, கோமளா. நெசமாவே கீது” என்றாள். “நாந்தான் பாக்கல.”