நடுப்பெட்டி

முனியம்மாளுக்குக் காலையிலிருந்தே தாடை விண்விண்ணென்று தெறித்தது. ஏரித் தண்ணீரில் உட்கார்ந்து நகர்ந்தபடி இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறவளுக்குக் கூடை தூக்க மூன்றாவது கை கிடையாது. ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும். இறால் சேரச் சேரக் கழுத்தை இழுக்கும். சோற்றை மெல்ல முடியாமல் கரைத்துக் குடித்தாள்.

"வேல பர்மனென்ட் மட்டும் ஆவட்டும்மா. அப்பறம் நீ ஏரில எறங்கவே கூடாது," என்றாள் மகள் ஷாலினி.

ஷாலினி வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்த்தாள். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் பில்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை. கம்பெனி போட்ட நிபந்தனைகளில் ஒன்று கெடுபிடியானது: அவள் பெயரில் பதிந்த இன்டர்நெட் இணைப்பில் மட்டுமே வேலையைத் திறக்க வேண்டும். வேறு ஒருவர் இணைப்பில் திறந்தால் கணக்கு மூடப்படும்.

பின்சுவருக்கு அந்தப்பக்கம் மனோஜின் வீடும் இறால் கொட்டகையும். முனியம்மாளின் இறாலை எடை போட்டு வாங்குகிறவன் அவன்தான். கொட்டகை பில்லையும் ஷாலினியே அடித்துத் தர வேண்டும், அவள் தன் வீட்டிலிருந்து அடித்தால் பிரின்ட் கொட்டகையில் வர வேண்டும் என்று கேட்டான். முடியாது என்று சொல்ல முனியம்மாளுக்கு வாய் வரவில்லை. சுவர் மேலே ஒயர் போனது. இரண்டு வீட்டு ரூட்டருக்கும் நடுவில், கொட்டகைப் பக்கம், ஒரு பழைய ரூட்டரை மாட்டினாள் ஷாலினி. பில்லும் பிரின்டரும் மட்டும் அதைக் கடந்து போகும்; இன்டர்நெட் அவரவர் வீட்டோடு நின்றுவிடும்.

"மனோஜண்ணா, இந்தப் பெட்டிய மட்டும் தொடாதீங்க. இது இல்லனா ரெண்டு வீடும் ஒண்ணா கலந்துடும். என் வேலையே பூடும்."

"உன் நெட்ட நான் இன்னா கொழம்பு வெச்சு துன்னவா போறேன்? போம்மா."

கிரிக்கெட் மேட்ச் வந்தது. ஐஸ் உடைக்கிற பின்னறைக்கு மனோஜின் வைஃபை எட்டவில்லை. நடுப்பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய் அங்கே மாட்டினான். கழன்று நின்ற இரண்டு ஒயரையும் ஒரு ஜாயின்ட் போட்டு நேராகச் சேர்த்தான். பிரின்ட் வந்தது. அவனுக்கு அது போதும்.

மறுநாள் கரன்ட் போய் வந்தது. ஷாலினியின் கம்ப்யூட்டர் புதிதாக இணைப்பைத் தேடியபோது மனோஜின் ரூட்டர் முந்திக்கொண்டது. நெட் வழக்கம்போலவே ஓடியதால் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. அன்றைய வேலை முழுவதும் மனோஜின் இணைப்பு வழியாகப் போனது. சாயந்தரம் கம்பெனி கணக்கை மூடியது. வேலையை வேறு ஆளிடம் கொடுத்துச் செய்யவைத்தாள் என்று குற்றச்சாட்டு. ஷாலினி போனில் அழுது கேட்ட பிறகு ஒரு வழி சொன்னார்கள்: இணைப்பின் சொந்தக்காரர் நடந்ததை எழுதி, வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்திட்டுத் தந்தால் யோசிப்பார்கள்.

தாயும் மகளும் கொட்டகைக்குப் போனார்கள்.

"நான்தான் கழட்டினேன்னு எழுதித் தரணுமா?" மனோஜ் எடை மிஷினை விட்டு நிமிரவில்லை. "நாளைக்கு ஆஸ்பத்திரி கணக்க நான் திருடிட்டேன்னு எவனாச்சும் கேசு போட்டா, முனியம்மா, நீ வந்து ஜாமீன் எடுப்பியா?"

அவனைவிடப் பெரிய மகன் இருக்கக்கூடிய வயது முனியம்மாளுக்கு. அவனோ அவளைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவான்.

"நடந்தத தானே தம்பி எழுத சொல்றோம்."

"மேட்ச் பாத்ததுக்கு மன்னிப்பு கடுதாசியா? நல்லா கீதே."

உள்ளே தரை கழுவிக்கொண்டிருந்த அவன் அம்மா இந்திராணி வெளியே வந்தாள். "கழட்டினவன் நீ தானடா. எழுதிக் குடுத்தா கை ஒடிஞ்சிடுமா?"

"நீ சும்மா கெட." ஷாலினியிடம் திரும்பினான். "இன்னிக்கு பில்லு இன்னும் வர்ல. வண்டி வந்துடும், சீக்கிரம் அடி."

ஷாலினி வீட்டுக்குப் போய் அரிவாள்மணையை எடுத்து, சுவர் மேல் கிடந்த ஒயரை அறுத்தாள். முனியம்மாள் தடுக்கவில்லை. இனி இறாலை எங்கே போடுவது என்ற நினைப்பு மட்டும் வந்து போனது. எங்கேயும் இல்லை. அக்கம்பக்கத்தில் ஐஸ் வைத்திருக்கிறவன் இவன் ஒருவன்தான்.

கையெழுத்து வராமலே வெள்ளிக்கிழமை போனது; ஷாலினியின் வேலையும் போனது. சனிக்கிழமை முனியம்மாள் பறியைக் கடித்துக்கொண்டு ஏரியில் இறங்கினாள். கரையேறும்போது கயிற்றில் ரத்தம் இருந்தது.

கொட்டகையில் மனோஜ் எடை போட்டான். என்றைக்கும் ஈரத்துக்கென்று கொஞ்சம் கழிப்பவன் அன்று கழிக்கவில்லை. பணத்தோடு ஒரு நோட்டை அதிகமாகவே வைத்து நீட்டினான்.

"வெச்சிக்கோ முனியம்மா. நமக்குள்ள பாக்கி கீக்கி வேணாம்."

அவள் தன் இறாலுக்கானதை மட்டும் எண்ணி எடுத்தாள். மிச்ச நோட்டை எடை மிஷின் மேல் வைத்தாள். தாடை சரியாகத் திறக்கவில்லை. பல்லிடுக்கில்தான் பேச வந்தது.

"காசு பாக்கி இல்ல தம்பி. பெட்டிய கழட்டினது நான்தான்னு நீ போட வேண்டிய கையெழுத்து. அது பாக்கி கீது."