வலது பக்கத்து வசனம்

திண்டிவனத்தில் பஸ் ஏறியதுமே இசைவாணி கேட்டாள். "ஸ்கிரிப்ட்டைக் குடுங்க, ஒருவாட்டி பாத்துக்கிறேன்."

ஆரோக்கியராஜ் பையை மடியோடு இறுக்கிக்கொண்டான். "பைண்டிங் புதுசு, கசங்கிடும்." பொய் சொல்லவும் ஒரு சாமர்த்தியம் வேண்டுமே! அது அவனுக்கு ஏது?

கதை அவனுடையதுதான், அதில் சந்தேகமில்லை. நம்ம ஊர் சினிமாக்காரர்கள் வழக்கப்படி தாளை நடுவே கோடு போட்டுப் பிரித்திருந்தான். இடது பக்கம் காட்சி: எந்த இடம், பகலா இரவா, யார் வருகிறார், என்ன செய்கிறார். வலது பக்கம் வசனம். அங்கே வந்தால் மட்டும் அவன் பேனா படுத்துவிடும். அவன் எழுதினால் எல்லாரும் மேடையில் பேசுகிறமாதிரிப் பேசினார்கள். அவன் மனைவி இசைவாணி கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிறவள், பொழுதன்னைக்கும் பெண்கள் பேச்சைக் கேட்கிறவள். அவள் சோறு வடித்துக்கொண்டே சொல்லச் சொல்ல வலது பக்கம் முழுக்க நிரம்பியது.

முதல் பக்கத்தில் என்ன போட்டான் தெரியுமா? 'கதை, திரைக்கதை, வசனம், இயக்கம்: ஆரோக்கியராஜ்.' நாலுக்கும் சேர்த்து ஒரே பேர் வந்தால்தானே தியேட்டரில் விசிலடிப்பார்கள்! சின்ன வயதிலிருந்து அந்த வரிமேல் அவனுக்கு அப்படி ஓர் ஆசை. டைப் அடித்தபோது கை கூசவில்லை. இப்போது பக்கத்தில் அவள் உட்கார்ந்திருக்க, உடம்பெல்லாம் கூசியது.

விழுப்புரத்தில் அவர்கள் பார்க்கப் போன ரைஸ் மில் முதலாளி தாண்டவராயன், குறும்படம் எடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். "படிக்கல்லாம் நேரமில்ல தம்பி. கதைய வாயால சொல்லு" என்றார்.

ஆரோக்கியராஜ் இரண்டாவது காட்சியிலேயே திக்கினான். இசைவாணிதான் எடுத்துச் சொன்னாள். கோபித்துக்கொண்டு கிளம்பும் மகனிடம் தாய் சொல்வாள்: "போறவன் போ. சாப்ட்டுட்டுப் போ. தட்டுல போட்டுட்டேன்." தாண்டவராயன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அடடா, வசனம் யாரு எழுதினது?" என்றபடி முதல் பக்கத்தைத் திருப்பினார்.

இசைவாணியும் எட்டிப் பார்த்தாள். முகம் ஒரு கணம் செத்துப்போயிற்று. "அவருதாங்க" என்றாள்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது ஆரோக்கியராஜுக்கு. "இல்லங்க சார், வசனம் பூரா இவங்க எழுதினது."

தாண்டவராயன் தொடையைத் தட்டிச் சிரித்தார். "பொண்டாட்டி பேரும் வரட்டும்னு பாக்குறியா? பெரிய மனசுய்யா ஒனக்கு! நன்றின்னு போடுவாங்களே, அங்க போட்டுக்க. கடைசி சீன்ல மட்டும் அந்தப் பையனோட அம்மா சும்மா நிக்குது. ரெண்டு வார்த்த பேசட்டும். ஜல்தியா எழுதிக்கினு வா, படம் பண்றோம்."

'மனசெல்லாம் இல்லங்க, நெசமாவே அவங்கதான்' என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. அதற்குள் அவர் கையை நீட்டினார். இவன் பல்லை இளித்துக்கொண்டு கை கொடுத்தான். சீ!

திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். கூட்டேரிப்பட்டு தாண்டியதும் அவன் மெல்ல ஆரம்பித்தான். "டைட்டில்லயே ஒன் பேரப் போட்டுடறேன். சத்தியமா."

"அவரு சிரிச்சப்ப இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?"

அவனை வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்படியும் "அந்தக் கடைசி சீனு... அம்மா இன்னா சொல்லுவா?" என்று கேட்டுவிட்டான்.

இசைவாணி அவன் பையிலிருந்து ஸ்கிரிப்ட்டை எடுத்தாள். கடைசிப் பக்கத்தைப் பிரித்து அவன் மடியில் வைத்தாள். பேனாவையும் கொடுத்தாள்.

"வசனம் ஆரோக்கியராஜுன்னு போட்டுக்கீதே. எழுதுங்க."

இடது பக்கம் நிறைய எழுத்து. வலது பக்கம் காலி. திண்டிவனம் வந்து கண்டக்டர் இறங்கச் சொல்லும்வரை அது காலியாகவே இருந்தது.