பன்னிரண்டு போல்ட்

நார்பர்ட்டைப் பற்றி இனி யாராவது என்னிடம் நல்ல வார்த்தை சொன்னால் அவரையும் சேர்த்தே திட்டுவேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெற்கு இந்தியானாவில் எங்கள் ஊரில் அவனைக் குறை சொல்லும் வாய் கிடையாது. போன மாதம் வரை என் வாயும் அப்படித்தான் இருந்தது. என் மகள் கெல்சி கைக்குழந்தையாக இருந்தபோது கோயிலில் ஞானஸ்நானத்தின்போது அவளை ஏந்தி நின்ற ஞானத்தகப்பன் அவன். அவளுக்கு அவன் மாமா. எனக்கு, ஒரே மரச்சாமான் தொழிற்சாலையில் கூட வேலை பார்த்தவன், ஒரே பந்தயத் திடலுக்குப் போனவன், ஒரே பைத்தியம் பிடித்தவன்.

பைத்தியம் என்றது ஷெவி, அதாவது ஷெவர்லே கார்ப் பைத்தியத்தை. நானும் கெல்சியும் எழுபதாம் வருடத்து ஷெவெல் ஒன்றைத் துருவிலிருந்து மீட்டு, அதில் பெரிய எஞ்சின் ஏற்றியிருந்தோம். கால் மைல் நேர்ப்பாதையில் சனிக்கிழமை தோறும் பந்தயம். ஓட்டுவது அவள், அடியில் படுத்துக் கறுத்துப்போவது நான். எஞ்சினுக்கு வலு கூடக்கூடப் பின்னச்சு முனக ஆரம்பித்தது. எஞ்சின் கொடுக்கும் மொத்த பலமும் கடைசியில் போய் விழுவது பின்சக்கரங்களைத் திருப்பும் அந்த அச்சின் மேல்தான். இதைவிட வலுவானது ஒன்று வேண்டும் என்று இருவருக்கும் புரிந்துவிட்டது. எது என்பதில்தான் தகராறு.

ஒன்று, ஷெவியின் சொந்த அச்சு. பின்மூடியில் பன்னிரண்டு போல்ட் இருப்பதால் அதற்குப் பெயரே பன்னிரண்டு போல்ட். இன்னொன்று ஷெவிக்குப் பரம எதிரியான ஃபோர்ட் கார்களிலிருந்து வந்த ஒன்பது அங்குல அச்சு. அதற்குப் பின்மூடியே கிடையாது, பானை வயிறு மாதிரி வழவழவென்று இருக்கும், நட்டெல்லாம் முன்பக்கம்தான். கெல்சிக்கு அதுதான் வேண்டும். அவள் சொன்ன காரணம் குழந்தைக்கும் புரியும். ஷெவி அச்சில் சக்கரத்தின் தண்டை உள்ளே ஒரு சின்னக் கிளிப்தான் பிடித்திருக்கிறது. தண்டு முறிந்தால் சக்கரம் தண்டோடு வெளியே வந்துவிடும். ஃபோர்ட் அச்சில் பிடிமானம் சக்கரத்தின் பக்கத்திலேயே இருக்கிறது. உள்ளே முறிந்தாலும் சக்கரம் வண்டியை விட்டுப் போகாது.

வாதம் சரிதான். ஆனால் எங்கள் ஷெவிக்காரர் சங்கத்தில் நீலத் தட்டு என்று ஒன்று உண்டு. சங்க விருந்தில் எல்லோருக்கும் வெள்ளைத் தட்டு. ஷெவிக்குள் ஃபோர்ட் சாமானை நுழைத்தவனுக்கு மட்டும் ஃபோர்ட் முத்திரையின் நீலத்தில் ஒரு தட்டு. மெல்வின் என்ற சங்கத்துக்காரன் ஒரு கோடை முழுக்க அதில் தின்றான். அவன் பெண்டாட்டியைக்கூட விடாமல் கேலி செய்தார்கள். அடுத்த வருடம் அவன் சங்கத்துப் பக்கமே தலைகாட்டவில்லை. அந்தத் தட்டை எங்கிருந்தோ தேடி வாங்கி வந்ததும், ஒவ்வொரு விருந்துக்கும் கழுவித் துடைத்து எடுத்து வருவதும் நார்பர்ட்தான்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, கோயில் கூடத்தில் மீன் வறுவல் விருந்து. எங்கள் மேசையில் கெல்சி பேச்சை எடுத்தாள்.

"மாமா, ஒன்பது இன்ச் போட்டுடலாம்னு பாக்குறேன்."

நார்பர்ட் வாய்க்குக் கொண்டுபோன மீனைத் திரும்பத் தட்டில் வைத்தான். "டேய் லியோன், ஆஸ்பத்திரில புள்ளய மாத்திக் குடுத்துட்டாங்கடா. நம்ம ரத்தமா இது?"

மேசையே குலுங்கிச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

"சிரிப்பு இருக்கட்டும். தண்டு முறிஞ்சா சக்கரம் கழண்டுடும்ல?"

"யாருக்குடி கழண்டுச்சு? என் வண்டில என்ன இருக்கு? பின்னாடி குனிஞ்சு எண்ணிப் பாரு. பன்னெண்டு. நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"உங்க சொந்தப் பொண்ணு ஓட்டுறதா இருந்தா எதப் போடுவீங்க மாமா? அத மட்டும் சொல்லுங்க."

அவனுக்கும் அவன் பெண்டாட்டி ரீட்டாவுக்கும் பிள்ளை இல்லை. அவன் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தான். பாசத்தைப் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவன் நான்.

"நீதானடி என் பொண்ணு. பன்னெண்டு போல்ட்டே போடு. நானே வந்து மாட்டித் தரேன்."

சொன்னபடி வந்தான். ஈஸ்டருக்கு முந்தின வாரம் என் கொட்டகையில் மல்லாந்து படுத்து, தன் கையால் அந்தக் கிளிப்புகளைச் சொருகினான். வேலை முடிந்ததும் கெல்சியின் முதுகில் தட்டி, "இனி உன்ன எவனாலயும் பிடிக்க முடியாது" என்றான். அவள் அவனுக்குச் செர்ரிப் பழம் அடைத்த பேஸ்ட்ரி சுட்டுக் கொடுத்தாள். எனக்கு மிச்சம்தான் கிடைத்தது.

ஜூன் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், நல்ல வெயிலில் அது நடந்தது. பச்சை விளக்கு விழுந்ததும் ஷெவெல் முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. அடுத்த கியர் மாற்றிய சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். இடப்பக்கச் சக்கரம், பாதித் தண்டு ஒட்டிக்கொண்டிருக்க, தனியாகக் கிளம்பிப் புல்லில் உருண்டு போனது. வண்டி ஒரு பக்கமாகச் சரிந்து, தரையைக் கீறி, சிமெண்டுச் சுவரில் போய் மோதியது. நான் எப்படி அவ்வளவு தூரம் ஓடினேன் என்று எனக்கே தெரியாது. என் மகள் கண்ணைத் திறந்து வைத்திருந்தாள். அதற்கு மேல் அன்று கடவுளிடம் நான் எதையும் கேட்கவில்லை.

காறை எலும்பும் மணிக்கட்டும் முறிந்திருந்தன. ஆஸ்பத்திரிக்கு நார்பர்ட் வந்தான். அவள் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான். வலி மருந்து மயக்கத்திலும் அவள்தான் அவனைத் தேற்றினாள். "எலும்பு ரெண்டு முறிஞ்சா நான் உடைஞ்சிடுவேனா மாமா? அழாதீங்க."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை அவள் என்னை அருகில் கூப்பிட்டாள்.

"அப்பா, மாமா வண்டிலயும் அதே ஆக்ஸில்தான். வர்ற சனிக்கிழம ஓட்டணும்னு பேர் குடுத்திருக்காரு. நீங்க போய் மூடியத் திறந்து தண்டு ரெண்டையும் பாத்துடுங்க. அவரு தானா பாக்க மாட்டாரு, வீம்பு."

"அவனுக்குத் தெரியாததாடி?"

"போய்ப் பாருங்கப்பா. அவருக்கும் இப்படி ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது."

போனேன். நார்பர்ட் கோயில் விருந்துக்குக் கோழி வறுக்கப் போயிருந்தான். ரீட்டா கொட்டகையைத் திறந்துவிட்டு, கெல்சிக்குக் கொடுத்தனுப்ப சூப் எடுக்க உள்ளே போனாள். நான் வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கி, முட்டுக் கொடுத்து, ஸ்பேனரோடு பின்னால் நுழைந்தேன். மூடியில் பன்னிரண்டு போல்ட்டும் வரிசையாக மின்னின. முதல் போல்ட் அசையவில்லை. துரு என்று நினைத்தேன். இரண்டாவதும் அசையவில்லை. மூன்றாவதில் முழு பலத்தையும் கொடுத்தபோது ஸ்பேனர் வழுக்கிக் கைமுட்டி தோலுரிந்தது. விளக்கைக் கிட்டே பிடித்தேன். அது போல்ட்டே இல்லை. வெறும் தலை. தலையை மட்டும் வெட்டி எடுத்து வெல்டிங் வைத்து, மேலே கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தான். மூடியும் அப்படித்தான், ஓரம் முழுக்க வெல்டிங். விளக்கை முன்பக்கம் திருப்பினேன். அங்கே வட்டமாக நட்டுகள். மூடி இல்லாத பானை வயிற்றுக்குப் போலி மூடி. ஃபோர்டின் ஒன்பது அங்குலம்.

நாங்கள் எல்லோரும் போல்ட்டை எண்ணுகிறவர்கள். ஒருவனும் திருகிப் பார்த்ததில்லை. அது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

எவ்வளவு நேரம் அப்படியே கிடந்தேனோ, அவன் செருப்புச் சத்தம் கேட்டது.

"டேய், யாரு வண்டிக்கு அடியில?"

வெளியே வந்து எழுந்து நின்றேன். என் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தான், முட்டியில் ரத்தத்தைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

"எப்படா மாத்தின?" என்றேன்.

"லியோன், நான் சொல்றதக் கொஞ்சம் கேளு..."

"எப்பன்னு கேட்டேன்."

"போன வருஷம், இலையுதிர் காலத்துல. கென்டக்கி பந்தயத்துக்குப் போயிருந்தேன்ல, அங்க ஒருத்தன் சக்கரம் கழண்டு சுவத்துல போய் மோதினான். கண்ணு முன்னாடிடா. தூக்கமே வரல. வந்ததும் மாத்திட்டேன்."

இலையுதிர் காலம். அதற்குப் பிறகு வந்த தவக்காலத்தில்தான் என் மகள் மீன் தட்டோடு அவன் முன்னால் உட்கார்ந்து கேட்டாள். சுவரில் மோதினவனைப் பார்த்து வந்த கண்ணால்தான் அவளைப் பார்த்து, நீதானடி என் பொண்ணு என்று சொன்னான்.

"அவ கேட்டாளேடா," என்றேன். "உன் வாயத் திறந்து ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? தனியா கூப்பிட்டு, என் காதுல மட்டுமாவது?"

"எப்படிடா சொல்வேன்? மெல்வினை நான் என்ன பாடு படுத்தினேன்? நானே இதப் போட்டிருக்கேன்னு தெரிஞ்சா ஊரே காறித் துப்பும். எல்லாருக்குமா முறியுது? முறியாதுன்னுதான் நெனச்சேன்."

"அப்ப உனக்கும் முறியாதுன்னு விட்டிருக்க வேண்டியதுதானே?"

ஊருக்கு ஒரு உபதேசம், தனக்கு ஒரு பாதுகாப்பு. ஒரு தட்டின் நிறத்துக்குப் பயந்து என் பிள்ளையைச் சுவரில் மோத விட்டிருக்கிறான். எதிரி செய்திருந்தால் அடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். கூட இருந்தே குழி பறித்தவனை என்ன செய்வது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தான். "இந்த ஆக்ஸிலை இன்னைக்கே கழட்டறேன். கெல்சி வண்டிக்குப் போட்டுக்கோ. நான் இனி ஓட்டவே இல்ல. என்னால வேற என்னடா செய்ய முடியும்?"

உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரம் என் மனசு கொஞ்சம் இளகியது. முப்பது வருடப் பழக்கம், அவ்வளவு லேசில் அறுந்துவிடுமா? ஸ்பேனரைக் கீழே வைத்தேன். இன்னும் ஒரு நிமிடம் அவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவன் தோளில் கை போட்டிருப்பேன்.

"ஒண்ணே ஒண்ணு," என்றான். "அந்த மூடிய அப்படியே விட்டுடு. வெட்டிடாத. யாராவது கேட்டா வேற எடத்துல வாங்கினதுன்னு சொல்லிக்கலாம்."

அவன் தோளுக்குப் போகவிருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது.

"அந்த மூடிய அறுத்து உன் மூஞ்சில மாட்டிக்க," என்று சொல்லிவிட்டு நடந்தேன். ரீட்டா சூப் பாத்திரத்தோடு வாசலில் நின்றாள். எல்லாம் அவள் காதிலும் விழுந்திருந்தது. பாத்திரத்தை அவள் நீட்டவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் கெல்சி தலையணையில் சாய்ந்து எனக்காகக் காத்திருந்தாள். நான் உட்காருவதற்குள் கேட்டாள்.

"பாத்தீங்களா? மாமா வண்டி எப்படி இருக்கு?"

"அவன் வண்டிக்கு ஒரு குறையும் இல்ல. தண்டு முறிஞ்சாலும் சக்கரம் கழலாது."

"அப்பாடா," என்றாள். முகமே மலர்ந்துவிட்டது. பிறகுதான் நான் சொன்னது அவள் காதில் முழுசாக ஏறியது. "கழலாதா? எப்படிக் கழலாது?"

சொல்லாமல் விடலாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இன்னொரு போலி மூடி போட எனக்கு மனம் வரவில்லை. போல்ட்டுத் தலைகளை, வெல்டிங்கை, கென்டக்கியை, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எல்லாம் என்னாலதான்," என்றேன். "நான் அன்னைக்கு உன் பேச்சக் கேட்டிருக்கணும்."

அவள் தலையை ஆட்டினாள். "இல்லப்பா. நான் உங்களக் கேக்கவே இல்லையே. அவரைத்தானே கேட்டேன்."