நாற்பத்தோராம் விதியின் பூட்டு

"உடைக்கிறியா, இல்ல நான் வந்து உடைக்கட்டுமா?"

ஆஸ்பத்திரி வண்டிப் பிரிவின் தலைவர் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று கத்தியபோது மணி பதினொன்று இருபது. திரையில் பூட்டை உடைக்கும் பொத்தான் வரை அவள் கை மூன்று முறை போய்த் திரும்பியிருந்தது.

"உங்களால முடியாது சார். அந்த அதிகாரம் எனக்கு மட்டும்தான் இருக்கு."

"அப்ப அதிகாரம் இருக்கிறவங்க கொஞ்சம் அதிகாரம் பண்ணுங்கம்மா!"

திரையில் சிவப்பாகப் பதினொரு வரிகள். பதினொரு நோயாளிகள். எல்லோரும் ஆற்றுக்கு அந்தப் பக்கம். எல்லோருக்கும் இரண்டு மணிக்கு டயாலிசிஸ். காலையில் பாலத்தை மூடிவிட்டார்கள். சுற்றிக்கொண்டு போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். பதினொன்றே முக்காலுக்கு வண்டிகள் கிளம்பவில்லை என்றால் பதினொரு பேருக்கும் இன்று சிகிச்சை இல்லை.

யாருக்கு எந்த வண்டி, எத்தனை மணிக்கு என்று தீர்மானிப்பது மென்பொருள். விதிகளை மட்டும்தான் மனிதர்கள் எழுதினார்கள். நாற்பத்தோராம் விதி சொன்னது: பயணம் நாற்பத்தைந்து நிமிடத்தைத் தாண்டினால் வண்டி கிடையாது.

விதியை மாற்ற ஒருவர் எழுத வேண்டும். இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டும். ஒருவர் திருத்திக்கொண்டிருக்கும் விதி அவர் பெயரில் பூட்டிக்கொள்ளும். மற்றவர்கள் கை வைக்க முடியாது.

நாற்பத்தோராம் விதிக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி. அதன் பக்கத்தில், 'கொக்கி திருத்திக்கொண்டிருக்கிறார்.'

கொக்கி வேலையை விட்டுப் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது.

"போனவன் பேரு இன்னும் எப்படிம்மா இருக்கு?"

"டெக்னிகல் பிராப்ளம் சார்."

அந்தப் பிராப்ளம் அவள்தான். போனவர்களின் கணக்கை மூடுவது அவள் வேலை. மாதா மாதம் நினைவூட்டல் வரும். மாதா மாதம் தள்ளிவிடுவாள்.

"சரி, கையால எழுதிக் கொடுத்து வண்டிய அனுப்பிடலாமே?"

"அந்த வழிய அடைச்சதே கொக்கிதான் சார். டிரைவர் ஒருத்தர் நோயாளி பேரைப் போட்டு, நம்ம வண்டியில மச்சானுக்கு வீடு மாத்திக் கொடுத்தாரே. அதுக்கப்புறம்."

"படுபாவி! போகும்போது கட்டடத்துக்கே கொக்கி போட்டுட்டுப் போயிருக்கானே!"

அந்தப் பட்டப்பெயர் அப்படித்தான் வந்தது; கணக்கிலும் அதையே போட்டுக்கொண்டான். எந்தக் கூட்டத்திலும் எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது அவன் ஒரு கொக்கி போடுவான். லிப்ட் ஓடலைன்னா? நோயாளிக்குக் காது கேக்கலைன்னா? அவன் எழுதும் விதிகளுக்கு அவள் ஒப்புதல் தருவாள். உடனே அல்ல. முதலில் 'பரிசீலனையில்' என்ற பொத்தானை அழுத்திவிட்டு, இரண்டு முறை படித்துவிட்டு. நாலு எட்டில் உட்கார்ந்திருந்தவர்கள், விதிக்குப் பக்கத்தில் இருக்கும் குறிப்புப் பெட்டியிலேயே இரண்டு வருடம் பேசினார்கள்.

கடைசி நாள் சாயங்காலம் அந்தப் பெட்டியில், இதே நாற்பத்தோராம் விதிக்குக் கீழே, அவன் எழுதினான்: 'வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்கு. நீ இருன்னு சொன்னா இருக்கேன். உன் ஒப்புதல் வேணும்.'

அவள் கை தன் பழக்கத்தில் போய் 'பரிசீலனையில்' என்று அழுத்தியது.

வீட்டில் சொன்னபோது, அக்கா அவள் தலையில் ஒரு குட்டு வைத்தாள். "ஏண்டி, அவன் என்ன வண்டியா கேட்டான்? சரின்னு சொல்றதுக்கு என்னடி பரிசீலனை?"

சரி என்று சொல்ல மறுநாள் அரை மணி முன்னதாகவே வந்தாள். அவன் மேசை துடைத்து வைத்தாற்போல் இருந்தது. அவன் எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு குரல் சொன்னது. போனவன் எங்கே பார்க்கப் போகிறான் என்று அந்தக் கேள்வியை அவள் 'பரிசீலனையில்' என்றே விட்டுவிட்டாள்.

பச்சைப் புள்ளி மட்டும் மிஞ்சியது. தினமும் ஒன்பது மணிக்கு வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் பார்ப்பாள். பூட்டுக்குப் பின்னால் அவன் ஏதோ எழுதி வைத்திருக்கிறான்; அவளுக்காகத்தான் எழுதியிருப்பான். ஆனால் எழுதியவனைத் தவிர யாரும் திறக்க முடியாது. அவளால் உடைக்க மட்டும்தான் முடியும்.

போன் அடித்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பெரியவர் ஒருவர்.

"அம்மா, மூணு மாடி இறங்கி வாசல்ல உக்காந்துட்டேன். வண்டி வருதா, இல்ல திரும்ப ஏறட்டுமா? ஏறதுக்கு எனக்கு முக்கால் மணி ஆகும், அதான் கேக்கறேன்."

அவள் பச்சைப் புள்ளியைப் பார்த்தாள்.

"ஏறாதீங்க ஐயா. வண்டி வருது."

அழுத்தினாள். 'சேமிக்காத வரைவு அழிந்துவிடும். திரும்பக் கிடைக்காது. உடைக்கலாமா?' ஆம். புள்ளி அணைந்தது.

நாற்பத்தைந்தை எழுபத்தைந்தாக்கினாள். "சார், நீங்கதான் ஒப்புதல் தரணும்."

"எங்கம்மா அமுக்கணும்?"

"பரிசீலனையில்னு ஒண்ணு இருக்கும். அதை மட்டும் தொட்டுடாதீங்க."

பதினொரு சிவப்பு வரிகளும் பச்சையாகின. கீழே வண்டிகள் ஒவ்வொன்றாக உறுமின. சார் படியில் தடதடவென்று ஓடினார்.

அவள் மென்பொருள் கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டாள். கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒரு ஆண்குரல்.

"ஒரு பூட்டை உடைச்சுட்டேன். பதினாலு மாசப் பூட்டு. உள்ளே இருந்த வரைவை எப்படியாவது எடுத்துக் கொடுக்க முடியுமா?"

"பதினாலு மாசமா? இருக்காதுங்களே. எந்தப் பூட்டும் முப்பது நாள்ல தானா கழண்டுடும். பூட்டினவரே வந்து நீட்டிச்சாத்தான் நிக்கும். உங்களுக்கு அது தெரியாது, அவர் பக்கத்துலதான் காட்டும்."

"அவர் இங்க இல்லையே."

"இருங்க, பதிவேட்டைப் பாக்கறேன்." விசைகள் தட்டும் சத்தம். "பதினாலு தடவை நீட்டிச்சிருக்கார். வெளியூர்லேர்ந்து. கணக்கை யாரும் மூடலை போல, அதான் உள்ளே வர முடிஞ்சிருக்கு. கடைசியா இன்னைக்குக் காலையில, எட்டு அம்பத்தஞ்சுக்கு."

அவள் வந்து பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் முன்னால்.

"வரைவுல... என்ன எழுதியிருந்தார்?"

"ஒண்ணுமே இல்லைங்க. ஒரு எழுத்துகூட மாத்தலை. சும்மா பூட்டி வெச்சிருக்கார்." மறுபடி விசைச் சத்தம். "நீட்டிக்கும்போது காரணம் எழுதச் சொல்லிக் கேக்கும். அது மட்டும் இருக்கு. பதினாலு தடவையும் ஒரே காரணம்தான். படிக்கட்டுங்களா?"

"படிங்க."

"'ஒப்புதல் இன்னும் பரிசீலனையில். காத்திருக்கிறேன்.'"