இரவல் அட்டியலும் இஞ்சிப் பாணியும்

தேவாலயப் பங்கு மண்டபத்துக் குசினியில் அன்று காலை நடந்ததெல்லாம், வேலை நடந்த அடையாளத்தை அழிக்கிற வேலைதான். அருள்மலர் எண்ணெய்ச் சட்டியை உரஞ்சிப் பின்கதவுக்கு வெளியே கவிழ்த்தாள். வெங்காயத் தோலைக் கறுப்புப் பையில் கட்டினாள். சந்திரவதனா இஞ்சி அரைக்கிற மெஷினைத் தூக்கிக்கொண்டுபோய், சுவாமியார் நத்தார் பண்டிகைச் சோடனைகள் வைக்கும் அலுமாரிக்குள் ஒளித்தாள். நீளமான ஸ்டீல் மேசையின் நடுவே ஒட்டியிருந்த சிவப்பு ஒட்டுநாடா ரேப்பை மட்டும் உரிக்க அவள் விடவில்லை. ரேப்புக்கு இந்தப் பக்கம் அவளுடைய வடையும் குடிக்கிற இஞ்சிப் பாணிப் போத்தல்களும். அந்தப் பக்கம் அருள்மலரின் ஆட்டிறைச்சி றோல்ஸ். இறைச்சி தொடாதவளும் இறைச்சி இல்லாமல் சாப்பிடாதவளும் சேர்ந்து கொம்பனி தொடங்கிய அன்றே போட்ட எல்லை அது.

"வாற மனுசி இதென்னெண்டு கேட்டா?"

"டிசைன் எண்டு சொல்லுங்கோ அக்கா."

வரவிருந்தவள், அவர்கள் வந்து குடியேறிய நகரத்துக் கவுன்சிலின் அதிகாரி. சிறுபான்மையினர் நடத்துகிற, வசதி குறைந்த தொழில்களுக்கென்று கவுன்சில் ஒரு பட்டியல் வைத்திருந்தது. நேரில் வந்து பார்த்துச் சான்றிதழ் தருவார்கள். சான்றிதழ் இருந்தால் பள்ளிக்கூடங்களுக்கும் முதியோர் மனைகளுக்கும் சாப்பாடு விற்கலாம். அப்படி நிலையாக ஒரு ஓடர் வந்தால் அருள்மலர் தன் பின்னேர வேலையை விட்டுவிடலாம். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வீட்டுக்குள் வரும்போது அவள் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போகிற வேலை. அதே கவுன்சில் கட்டடத்தில்தான், அதிகாரிகள் எழும்பிப் போனபிறகு, மேசை துடைத்துக் குப்பை எடுத்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் சரி. ஆனால் ஒரு விருந்தாளி வாசலுக்கு வருகிறபோது வசதி குறைந்த ஆளாக எப்படி நிற்பது? அது இருவருக்கும் பழக்கமில்லை. விண்ணப்பப் பத்திரத்தில் என்ன இருந்தாலும், வருகிறவளுக்குமுன் குறைவாகத் தெரியக்கூடாது. அதனால் தோழி றோஸ்மலரிடம் அருள்மலரின் கழுத்துக்கு அட்டியல் இரவல் வாங்கப்பட்டது. அருமைநாயகி மாமியின் பொன்விளிம்புத் தேத்தண்ணிக் கோப்பைகள் துணியில் சுற்றப்பட்டு வந்தன. அருள்மலரின் கணவன் பெனடிக்ற்றுக்கு நண்பன் பஸ்தியாம்பிள்ளையின் கோட்டு கிடைத்தது.

"நீங்கள் வாய் திறக்கக்கூடாது. சும்மா மனேஜர் மாதிரி நில்லுங்கோ," என்றாள் அருள்மலர் அவனிடம்.

"மனேஜர்மார் வாய் திறக்கிறேல்லையோ?"

"நல்ல மனேஜர்மார் திறக்கிறேல்லை."

பத்து மணிக்கு வரவேண்டியவள் வரவில்லை. ஏதோ ரெயில் பழுது. இரவல் கொடுத்தவர்கள் எல்லோரும் பின்னேரம் ஒரே கலியாணத்துக்குப் போகிறவர்கள் என்பது அப்போதுதான் சந்திரவதனாவுக்கு நினைவு வந்தது. சொன்னால் அருள்மலர் பதறுவாள் என்று சொல்லாமல் இருந்துவிட்டாள்.

மத்தியானம் கடந்து, நனைந்த மழைக்கோட்டுடன் உயரமான கறுப்பினப் பெண்ணொருத்தி உள்ளே வந்தாள். பெயர் கிறேஸ் என்றாள். அருள்மலருக்குத் தான் பின்னேரங்களில் துடைக்கிற மேசைகளில் ஒன்று நினைவு வந்தது. மூன்றாம் மாடி, யன்னலோர மேசை. மேசையில் தொப்பி போட்ட ஒரு தாயின் படம். அந்தத் தாயின் கன்னமும் இந்தக் கன்னமும் ஒன்றுதான். அருள்மலர் பொன்விளிம்புக் கோப்பையில் தேத்தண்ணி வார்த்தாள்.

"தொழில் தொடங்கும்போது என்ன கஷ்டங்கள் இருந்தன?" கிறேஸ் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"ஒரு கஷ்டமும் இல்லை," என்றாள் அருள்மலர், அட்டியலைச் சரிசெய்துகொண்டு.

"வங்கி?"

"மனேஜர் நல்ல மனுசன். இருக்கக் கதிரை தந்தவர்."

"கடன் தந்தாரா?"

அருள்மலர் சந்திரவதனாவைப் பார்த்தாள். சந்திரவதனா சிரிப்பு மாறாமல் சொன்னாள்: "கதிரை தந்தவர்."

"வாடகைக்கு இடம் பிடிப்பது?"

"எல்லாரும் நல்ல ஆக்கள்."

கிறேஸின் பேனை நின்றது. பட்டுச் சேலைகளை, அட்டியலை, கோட்டுப் போட்டுக் கல்லாக நிற்கும் ஆளை, ஒரு துளி எண்ணெயும் இல்லாத அடுப்பை மெதுவாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். "கோபிக்காதீர்கள். இந்தப் பட்டியல் உங்களுக்கானது அல்ல என்று நினைக்கிறேன்," என்றாள்.

ஓட்டில் மழை விழுந்துகொண்டிருந்தது. இப்போதாவது வாயைத் திறந்து ஏதாவது சொல்லவேண்டும் என்று அருள்மலருக்குத் தெரிந்தது. கை மறுபடியும் அட்டியலுக்குத்தான் போனது.

கதவு படாரென்று திறந்தது. தலையில் பாதி பூவுடன் றோஸ்மலர்.

"அருள், என்ர அட்டியல்! கலியாணப் பொம்பிளை வெளிக்கிட்டாச்சு, நான் இன்னும் மொட்டைக் கழுத்தோடை நிக்கிறன்!" அதிகாரிக்கு ஒரு "ஹலோ" சொல்லிக்கொண்டே, அருள்மலரின் பிடரியில் கொக்கியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கதவு மூடுவதற்குள் அருமைநாயகி மாமி. "குறை நினையாதை பிள்ளை. மாப்பிளை பகுதிக்குத் தேத்தண்ணி குடுக்கக் கோப்பை வேணும்." கிறேஸின் கையில் இருந்தது ஒரு கோப்பை. மாமி அதையே பார்த்துக்கொண்டு பொறுமையாக நின்றாள். கிறேஸ் மிச்சத்தை ஒரே மிடறாகக் குடித்துவிட்டு நீட்டினாள்.

"தாங்க் யூ டார்லிங்," என்றாள் மாமி.

கடைசியாக பஸ்தியாம்பிள்ளை. "ஐசே, கோட்டைக் கழட்டும். காரை நடுறோட்டிலை விட்டிட்டு வந்தனான்."

பெனடிக்ற் கழற்றினான். உள்ளே அவன் வேலைசெய்கிற பெற்றோல் செற் சேட்டு, பொக்கெற்றில் அவன் பெயருடன். பேசக்கூடாது என்று சொல்லப்பட்டதால் அப்போதும் அவன் பேசவில்லை.

கிறேஸ் முதலில் வாயைக் கையால் மூடினாள். பிறகு முடியவில்லை. ஸ்டீல் மேசையில் இரண்டு கையையும் ஊன்றி, தோள் குலுங்கச் சிரித்தாள். அதைப் பார்த்துச் சந்திரவதனாவுக்கு வெடித்தது. வெறுங்கழுத்தைப் பொத்திக்கொண்டு நின்ற அருள்மலரும் சுவரில் சாய்ந்து சிரிக்கத் தொடங்கினாள்.

"என் அம்மா ஜமேய்க்காவிலிருந்து வந்த புதிதில் வாடகை வாங்க வருகிறவனுக்குக்கூட வெள்ளிக் கரண்டிதான் வைப்பாள்," என்றாள் கிறேஸ், கண்ணைத் துடைத்தபடி. "கரண்டி மேல்வீட்டுக்காரியுடையது. சரி. இனிச் சொல்லுங்கள்."

சொன்னார்கள். கதிரை தந்த மனேஜர் கணவன்மாரைக் கூட்டிவரச் சொன்னதை. கூட்டிப்போனபோது கடனை மறுக்க வேறு காரணம் சொன்னதை. கடை வாடகைக்கு என்று போனில் சொன்னவன் ஆளைக் கண்டதும் கொடுத்தாயிற்று என்றதையும், 'வாடகைக்கு' என்ற பலகை மாதக்கணக்காக அங்கேயே தொங்கியதையும். சந்திரவதனா அலுமாரியிலிருந்து மெஷினை வெளியே எடுத்தாள். அருள்மலர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சட்டியை அடுப்பில் ஏற்றினாள்.

"பின்னேரங்களில் என்ன செய்கிறீர்கள்?"

அருள்மலர் றோல்ஸை எண்ணெயில் இறக்கினாள். பிறகு திரும்பாமலே சொன்னாள். "உங்கட கட்டடந்தான். உங்கட மேசையிலை நிக்கிற செடிக்கு நான்தான் தண்ணி விடுறனான்."

கிறேஸ் பேனையை மூடினாள். "அது தன்பாட்டில் வளருகிறது என்று நினைத்திருந்தேன்," என்றாள்.

சுடச்சுட வந்த றோல்ஸை ஊதி ஊதித் தின்றாள். இஞ்சிப் பாணி தொண்டையில் ஏறி இருமினாள். இன்னொரு கோப்பை கேட்டாள். பிளாஸ்ரிக் கோப்பை.

சான்றிதழ் கொடுத்தது பனிக்காலம் தொடங்கிய பிறகு, கவுன்சில் கட்டடத்தின் பெரிய மண்டபத்தில். அருள்மலர் முதன்முறையாக முன்வாசல் கண்ணாடிக் கதவால் உள்ளே போனாள். காவலாளி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். றோல்ஸும் வடையும் பரப்பிய கவுன்சிலின் வழவழப்பான மேசைக்கும் சந்திரவதனா நடுவே சிவப்பு ரேப் ஒட்டினாள். பெயர் கூப்பிட்டபோது கிறேஸ் எல்லோருக்கும் முந்தி எழுந்து நின்று கைதட்டினாள். பெனடிக்ற் விசிலடித்தான். மேடையில் பேசிய கவுன்சில் பெரியவர் றோல்ஸை வாயில் வைத்துக்கொண்டே, இப்போது சாப்பாடு கொடுக்கிற பெரிய கொம்பனியின் ஒப்பந்தம் முடியட்டும், அதற்கடுத்த வருடம் உங்களைக் கட்டாயம் நினைவில் வைத்திருப்போம் என்றார். எல்லோரும் அதற்கும் கைதட்டினார்கள்.

ஆறு மணிக்கு ஆட்கள் கலைந்தார்கள். "நானும் நிண்டு மண்டபத்தைக் கூட்டி விடட்டே அக்கா?" என்று கேட்ட சந்திரவதனாவைச் சிரித்துக்கொண்டே பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டு, அருள்மலர் கழிப்பறையில் சேலையை மாற்றி நீல மேலங்கியைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். அதே காவலாளி நின்றான். இரண்டு றோல்ஸ் தின்றவன்.

"பிரமாதம் மிஸிஸ் பெனடிக்ற். என் மனைவிக்கும் ஒன்று சுற்றி எடுத்திருக்கிறேன்," என்றான். பிறகு மேலங்கியைப் பார்த்துக் கொஞ்சம் சங்கடப்பட்டான். "துப்புரவு ஆட்கள் பின்வாசலால் வந்துதான் கையெழுத்து வைக்கவேண்டும். தெரியும்தானே."

அவளுக்குத் தெரியும். காவலாளி மறுபடியும் கண்ணாடிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான், அவள் வெளியே போவதற்கு. தூறலில், சான்றிதழை மேலங்கிக்குள் நனையாமல் அணைத்துக்கொண்டு, வாயில் சிரிப்பு இன்னும் போகாமல், அவள் கட்டடத்தைச் சுற்றி நடந்தாள். பின்வாசலில் பெயரை எழுதினாள். படியேறி மறுபடி அந்த மண்டபத்துக்கு வந்தபோது, துப்புரவுக்கு இவ்வளவு வெளிச்சம் தேவையில்லையென்று பாதி விளக்கை அணைத்திருந்தார்கள். மங்கலில் குனிந்து, கதிரைகளுக்குக் கீழே கிடந்த கடதாசித் தட்டுகளைப் பொறுக்கத் தொடங்கினாள். ஒரு தட்டிலும் அவளுடைய றோல்ஸ் ஒரு துண்டுகூட மிச்சமில்லை.